தாத்தாவின் தகரப் பெட்டியும் பெயர் தெரியாத பதினெட்டுப் பேரும்

அந்த நான்கு போட்டோ அட்டைகளும் பழைய பேப்பர்க்காரருக்குப் போட வைத்திருந்த கட்டுக்குள் இருந்தன. 2018 மே மாதம். அத்தை திருச்சி வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோவைக்குப் போவது முடிவாகி, நாங்கள் நாலைந்து பேர் பரணிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். கல்யாணப் படங்கள், காதுகுத்துப் படங்கள், பாட்டியின் வளைகாப்புப் படம் எல்லாம் ஒரு துணிப்பையில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டன. தடித்த அட்டையில் ஒட்டிய பெரிய குரூப் போட்டோக்கள் மட்டும் வெளியே கிடந்தன. வரிசை வரிசையாக ஆண்கள், நடுவில் மாலையோடு ஒருவர்.

"இதெல்லாம் தாத்தாகூட வேலை செஞ்சவங்க பாப்பா. யாரு எவருன்னு எனக்கே தெரியாது. எடுத்துட்டுப் போயி என்ன பண்ணப்போற?"

அத்தை சொன்னதில் தப்பு இல்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. நம் முகம் இருக்கும் படம் தங்கும், ஊரார் முகம் இருக்கும் படம் போய்விடும். ஆனால் தாத்தா தன் வாழ்நாளில் பாதியை அந்த ஆட்களோடுதான் கழித்தார். கட்டைப் பிரித்து நான்கையும் எடுத்துக்கொண்டேன். அவற்றோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதற்குள் மூன்று ஆல்பம், நானூறு பிரிண்டுக்கு மேல், அறுபத்தொரு காகித உறைகளில் நெகட்டிவ்.

தாத்தா திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டர். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் தென்னிந்திய ரயில்வேயின் பழைய பட்டறையில் வார்ப்பட வேலை பார்த்தவர். 1928இல் பட்டறை நாகையிலிருந்து பொன்மலைக்கு மாறியபோது குடும்பத்தோடு வந்தார். அந்த மாற்றத்தை ஒட்டி ஆட்குறைப்பு, அதை எதிர்த்து அதே வருடம் ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம், தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் கைது எல்லாம் நடந்திருக்கின்றன. எங்கள் வீட்டில் இது பற்றிக் கதையாகக்கூட எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது நாகை ஸ்டூடியோ ஒன்றில் கொள்ளுத்தாத்தா நாற்காலியைப் பிடித்தபடி நிற்கும் ஒரே ஒரு அட்டைப் படம்.

தாத்தா ஐம்பதுகளில் ஒரு பெட்டிக் கேமரா வாங்கினார். பிறகு அக்ஃபா கிளிக் த்ரீ. நூற்றிருபது என்ற வகைப் பிலிமில் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். பன்னிரண்டுதான் என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்திருக்கிறார் என்பது நெகட்டிவ்களைப் பார்த்தால் தெரிகிறது. ஒரே காட்சியை இரண்டு முறை எடுத்த உறை மொத்தத்தில் மூன்றோ நாலோதான்.

பட்டறைக்குள் கேமராவைக் கொண்டுபோக நினைத்த நாளெல்லாம் முடியாது. ஆயுத பூஜைக்குத்தான் வாசல் திறக்கும். குடும்பத்தோடு உள்ளே போகலாம். அதனால் தாத்தாவின் பட்டறைப் படங்களில் பாதிக்கு மேல் பூஜைப் படங்கள். கடைசல் இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம், தூணுக்கு வாழைக்கன்று, எஞ்சினின் முகத்தில் மாலை, கீழே உடைத்த பூசணிக்காய். மீதி, ஓய்வுபெறுகிறவர்களுக்கு நடத்திய பிரிவுபசாரக் கூட்டங்கள். எண்ணெய்க் கறையும் வியர்வையுமான சாதாரண வேலைநாளைக் காட்டும் படம் பெட்டியில் ஏழே ஏழு. அந்த ஏழு படங்களையும் இன்று நான் கல்யாணப் படங்களுக்கு மேலாக வைத்துப் பார்க்கிறேன்.

முதல் நாளே ஒரு பெரிய தவறு செய்தேன். இதை யாரும் செய்யக் கூடாது என்பதற்காகவே விரிவாகச் சொல்கிறேன். ஆர்வத்தில் எல்லா உறைகளையும் பிரித்து, படங்களைக் கூடத்துத் தரையில் பரப்பி, ஆள் வாரியாக அடுக்க ஆரம்பித்தேன். தாத்தா ஒரு குவியல், பாட்டி ஒரு குவியல், பட்டறை ஒரு குவியல். சாயங்காலம் பார்த்தால் உறைகள் ஒரு பக்கம் காலியாகக் கிடக்கின்றன. அப்புறம்தான் கவனித்தேன், ஒவ்வொரு உறையின் மூலையிலும் தாத்தா பென்சிலால் சின்னதாக ஒரு மாதமும் வருடமும் எழுதியிருந்தார். சிலவற்றில் இடமும். எந்தப் படம் எந்த உறையில் இருந்தது என்ற ஒரே சாட்சியை நானே கலைத்துவிட்டேன். நெகட்டிவ் ஓரத்தில் விழுந்திருக்கும் எண்களையும், புடவையையும், அத்தையின் பல் விழுந்த வயதையும் வைத்துத் திரும்பச் சேர்க்க ஏழு மாதம் ஆனது. ஒன்பது உறைகளுக்கு இன்றுவரை உரிய படங்கள் தெரியவில்லை.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதலில் மொபைலில் பெட்டியையே படம் எடுங்கள். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, எடுத்த வரிசையிலேயே எண் போடுங்கள். உறை ஏழு, படம் நான்கு என்றால் அதுவே அதன் பெயர், பின்னாளில் கணினிக் கோப்பின் பெயரும் அதுவே. ஆள் வாரி, வருட வாரிப் பிரிப்பையெல்லாம் கணினியில் எத்தனை விதமாக வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். காகிதத்தில் வைத்தவர் வைத்த வரிசை கலையக் கூடாது.

எண்ணைப் படத்தின் பின்பக்கம் எழுதுவதாக இருந்தால் 2பி பென்சிலில், ஓரமாக, படத்தைக் கண்ணாடி போன்ற கெட்டியான தளத்தில் கவிழ்த்துவைத்து, அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் புடைத்துத் தெரியும். எங்கள் ஆல்பத்தில் பாட்டியின் நெற்றியில் "1961" என்று இடவலம் மாறித் தெரிகிறது, பின்னால் யாரோ அழுத்தி எழுதியதால். பளபளப்பான பிற்காலப் பிரிண்டுகளில் பென்சில் பிடிக்காது. அவற்றை உறையில் போட்டு உறைமேல் எழுதுவதே நல்லது.

நம் ஊர் வெயிலும் ஈரமும் புகைப்படத்துக்கு ஒத்துவராதவை. இந்தப் பெட்டி பரணில் இருந்தது. மேலே மொட்டைமாடி, மே மாதத்தில் அங்கே கை வைக்க முடியாது. கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் படத்தைத் தாங்கியிருப்பது ஜெலட்டின். அதற்குள் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள். ஈரம் பட்டால் ஜெலட்டின் ஊறி ஒட்டும், பூஞ்சைக்கு உணவாகும். மாசுபட்ட காற்றும் மட்டமான காகிதமும் சேர்ந்தால் அந்த வெள்ளி மேலே வந்து, படத்தின் கருத்த பகுதிகளில் கண்ணாடி போல ஒரு நீலப் பளபளப்பு தெரியும். கொள்ளுத்தாத்தா படத்தில் கோட்டு முழுவதும் அப்படி மின்னுகிறது. அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போனேன், நல்ல வேளை, துடைக்கவில்லை. துடைத்தால் போவது படமேதான்.

இப்போது பெட்டி இருப்பது வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரை ஒட்டாத இரும்பு பீரோவின் நடுத்தட்டில். தரையிலிருந்து நாலடி உயரம், மேற்கு வெயில் படாத இடம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஒரு ஓரத்தில், மழைக்காலம் வந்தால் மாற்றுவேன். அந்துருண்டை போடுவதில்லை. அதன் ஆவி படங்களுக்கு நல்லதல்ல, மூடிய பெட்டிக்குள் நமக்கும் நல்லதல்ல. இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் நான் கண்ட ஒரே மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான். பிரிண்டுகளுக்கு நடுவே அமிலமில்லாத வெள்ளைத் தாள். செய்தித்தாள், பழுப்பு உறை, ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின், செலோ டேப், இந்த ஐந்தையும் பெட்டியிலிருந்து வெளியேற்றினேன். பிளாஸ்டிக் உறை வேண்டுமென்றால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். புதிய மழைக்கோட்டு வாசம் வரும் மெத்தென்ற பிளாஸ்டிக் பி.வி.சி., அது நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

எண்பதுகளில் எல்லோர் வீட்டிலும் வந்த ஒட்டும் ஆல்பம் எங்களிடமும் ஒன்று இருந்தது, பக்கம் முழுக்கப் பசை தடவி மேலே மெல்லிய தாள் மூடிய வகை. இருப்பதிலேயே மோசம் அதுதான். பசை மஞ்சளாகி இறுகி, படத்தை விடவே மாட்டேன் என்கிறது. வாசனையில்லாத பல் துலக்கும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு, ரம்பம் இழுப்பதுபோல மெல்ல இழுத்து இருபத்தாறு படங்களை எடுத்தேன். ஐந்து வரவில்லை. பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு விட்டுவிட்டேன். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதே விதிதான். பிய்க்கக் கூடாது, கண்ணாடியோடு படம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் சாய்வாக வெளிச்சம் வைத்து, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் கண்ணாடியில் நம் நிழல் விழாது.

வெள்ளத்தில் நனைந்த படங்களின் கதை தனி. 1977 நவம்பரில் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்தபோது உறையூரில் சித்தப்பா வீட்டில் இருந்த ஒரு கட்டு முழுகிவிட்டது. காய்ந்து, செங்கல் போல இறுகி, நாற்பது வருடமாக அப்படியே இருந்தது. சித்தப்பா அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்கு அவருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன். புகைப்படப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசி, அவர் சொன்னபடி, கட்டிலிருந்து ஏற்கெனவே பாதி அழிந்த இரண்டை மட்டும் முதலில் சோதித்தேன். குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் அரை மணி ஊறவைத்து, தானாக நழுவும்போது மட்டும் பிரிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலும் மேல்நிலைத் தொட்டியின் சுடுநீர் வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பில் ஜெலட்டின் இளகி, படம் காகிதத்தை விட்டே கழன்றுவிடும். பிரிந்தவற்றைப் படம் மேலே இருக்கும்படி கொசுவலைத் துணியில் நிழலில் உலர்த்தினேன். இருபத்திரண்டில் பதிமூன்று பிழைத்தன. கையால் வண்ணம் தீட்டிய படம், பின்னால் மையில் எழுதிய படம் என்றால் இதைச் செய்யவே கூடாது, வண்ணமும் எழுத்தும் கரைந்துவிடும். நிச்சயமில்லாதபோது கட்டைக் கட்டாகவே வைத்திருப்பது மேல். இன்று பிரிக்க முடியாததை நாளை வேறொருவர் பிரிப்பார்.

என் கைமீறிப் போன ஒரு படமும் உண்டு. தாத்தா பயிலுநராகச் சேர்ந்த வருடம் எடுத்த படம், மூலை மடிந்திருந்தது. "நல்லா பத்திரமா இருக்கும்" என்று சொல்லி உறவினர் ஒருவர் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துவிட்டார். சூடும் பசையும் சேர்ந்து அந்தப் படம் இனி அந்தத் தாளைவிட்டு வெளியே வராது. நல்ல மனசோடு செய்ததுதான், எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அசலைக் கையில் கொடுக்க வேண்டாம், நகலைக் கொடுங்கள். நகலை அவர்கள் லேமினேஷன் செய்யட்டும், பிரேம் போடட்டும், பொட்டு வைக்கட்டும்.

ஸ்கேன் செய்வதில் நான் பின்பற்றியதைச் சொல்கிறேன். முதலில் வண்ணப் படங்கள். கறுப்பு வெள்ளைதான் பழையது, அதனால் அதுதான் அவசரம் என்று தோன்றும். ஆனால் எழுபது, எண்பதுகளின் வண்ணச் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கிக்கொண்டே போகும், எங்கள் வீட்டில் எல்லாம் செந்நிறமாகிவிட்டன. கறுப்பு வெள்ளை நன்றாகக் கழுவிய பிரிண்டாக இருந்தால் காத்திருக்கும். அடுத்து நெகட்டிவ். அவற்றில் சில உறைகளைத் திறந்ததும் புளித்த காடி வாசம் வந்தது. பிலிமின் அடித்தளமான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அதனால் அந்த உறைகளைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, அவற்றையே முதலில் ஸ்கேன் செய்தேன். உங்களிடம் 1950க்கு முற்பட்ட நெகட்டிவ் இருந்து, பிசுபிசுத்துப் பழுப்பாகியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது.

நெகட்டிவுக்கு, பிலிமுக்குப் பின்னால் விளக்கு எரியும் வகை ஸ்கேனர் தேவை, சாதாரணத் தட்டை ஸ்கேனர் போதாது. ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவை 2400 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 2400 புள்ளியில், எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 5,600 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கிறது. தாத்தாவின் கேமரா லென்ஸ் தந்த விவரத்துக்கு அது தாராளம். பெரிய அட்டைக் குரூப் போட்டோக்களை 600 டி.பி.ஐ.யில், கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ண அமைப்பில் எடுத்தேன். மஞ்சளேறிய இடமும் மைக்கறையும் தனித்தனியாகத் தெரிய அது உதவும். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலப் படம் சுருக்காத டிஃப் கோப்பாக 130 எம்.பி. வருகிறது. அதைத் தொடாமல் வைத்துவிட்டு, பகிர்வதற்கு ஜேபெக் நகல். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து, காகிதக் கம்பெனியின் அச்சு எல்லாம் அங்கேதான் இருக்கும். ஸ்கேனர் இல்லாதவர்கள் சாய்ந்த வெயில் படாத ஜன்னலருகே, படத்தைத் தட்டையாக வைத்து, மொபைலை நேர் மேலே பிடித்து எடுத்தாலும் போதும். பத்து வருடம் கழித்து நல்ல ஸ்கேனர் வாங்கலாம் என்று காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பின்னணியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ரயில்வே பாஸில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனபோது தாத்தா தனுஷ்கோடியில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. பாட்டி, அத்தை, கைக்குழந்தையாக என் இளைய சித்தப்பா. உறையில் 1962 என்று இருக்கிறது. அத்தை பல வருடம் முன்பு மூன்று முகங்களை மட்டும் வெட்டி ஒரு சின்ன பிரேமில் வைத்துவிட்டார். நெகட்டிவ் இருந்ததால் முழுப் படமும் கிடைத்தது. அவர்களுக்குப் பின்னால் தண்டவாளம், ரயில் பெட்டிகள், கூரைகள், தலையில் மூட்டையோடு ஆட்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் அந்த ஊரே போய்விட்டது. தாத்தா அதை நினைத்து எடுக்கவில்லை, மனைவி மக்களை எடுத்தார். ஊரும் கூட வந்துவிட்டது.

வருடம் தெரியாத பட்டறைப் படங்களுக்கு எழுத்துகள் உதவின. எஞ்சினின் பக்கத்தில் எஸ்.ஐ.ஆர். என்று இருந்தால் பழைய தென்னிந்திய ரயில்வே காலம். 1951 ஏப்ரல் 14 முதல் தெற்கு ரயில்வே, அதனால் எஸ்.ஆர். என்று மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தியது. ஒய்.பி. என்ற வகை எழுத்து தெரியும் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) எஞ்சின் என்றால் 1949க்கு முன்பு இருக்க வழியில்லை. பற்சக்கரத்தோடு ஒரு குட்டி எஞ்சின் தெரிந்த படத்தைப் பார்த்து நான் குழம்பினேன். அது ஊட்டி மலை ரயிலுடையது, பழுதுபார்க்கப் பொன்மலைக்குத்தான் வரும் என்று பிறகு தெரிந்தது. திருச்சி ரயில்வே பாரம்பரிய மையத்துக்கு இரண்டு முறை போய், அங்கே வைத்திருக்கும் பழைய பொருள்களோடு எங்கள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததும் பயன்பட்டது. உங்கள் தாத்தா மில்லிலோ துறைமுகத்திலோ தேயிலைத் தோட்டத்திலோ இருந்திருந்தால் சீருடை, இயந்திரத்தின் பெயர்த்தகடு, சுவர் விளம்பரம் என்று இப்படி ஏதாவது ஒரு பிடி கிடைக்கும்.

ஆனால் ஸ்கேனரும் சிலிக்கா ஜெல்லும் பெயரைக் காப்பாற்றாது. நான்கு அட்டைகளில் மூன்றில் கீழே பெயர்கள் அச்சாகியிருந்தன. நான்காவதில் அந்தப் பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. அதில் இருபத்தேழு பேர். தாத்தாவையும் அவருடைய நெருங்கிய கூட்டாளிகள் எட்டுப் பேரையும் அத்தை சொல்லிவிட்டார். பதினெட்டுப் பேர் யாரென்று தெரியவில்லை.

அத்தையிடம் கேட்பதற்கே ஒரு முறை இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். மொபைலில் காட்டி "இது யாரு அத்தை?" என்று கேட்டால் "கண்ணு தெரியலையே பாப்பா" என்று பதில் வரும். முகத்தை விரலால் பெரிதாக்கினால் அடுத்த நொடி அது நழுவிப்போய், அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். படத்தை ஏ3 அளவில் அச்செடுத்தேன். அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து ஒவ்வொரு தலையையும் கோட்டால் வரைந்து எண் போட்டேன். எண் போட்ட தாளை ஜெராக்ஸ் எடுத்து, அச்சையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மொபைலைப் பதிவில் போட்டுக் கவிழ்த்துவைத்தேன். "யாரு" என்று கேட்காமல், "அன்னைக்கு என்ன சாப்பாடு போட்டாங்க, நீங்க கூடப் போனீங்களா?" என்று ஆரம்பித்தேன். அரை மணி கழித்து அவராகவே, "ஏழாம் நம்பர் இருக்காரே, அவர் வீட்டுலேர்ந்துதான் நமக்கு கிறிஸ்துமஸுக்கு கேக் வரும்" என்றார். அது பட்டறையின் ஆங்கிலோ இந்திய போர்மேன். அவர் குடும்பம் அறுபதுகளில் ஆஸ்திரேலியா போய்விட்டதாம்.

அதே ஜெராக்ஸ் தாள்களோடு பொன்மலைக்குப் போனேன். ஓய்வுபெற்றவர்கள் காலையில் கூடும் மரத்தடியில் முதல் நாள் யாரும் பேசவில்லை. ஏதோ ஆபீஸ் விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாம் முறை தாத்தாவின் பெயரையும் அவர் வேலை பார்த்த பிரிவையும் சொன்னதும், தொண்ணூறைத் தாண்டிய ஒரு பெரியவர் தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "ஏம்மா, இவரு சங்குத்திடல்ல அடிபட்டவரு. இந்தா பாரு, இந்தக் கைய மடக்கியே வச்சிருப்பாரு." 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையின் சங்குத்திடல் மைதானத்தில் போலீஸ் சுட்டதில் ஐந்து ரயில்வே தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த நாளின் படம் எங்கள் பெட்டியில் இல்லை, அப்போது தாத்தாவிடம் கேமராவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து எடுத்த ஒரு பிரிவுபசாரப் படத்தில், மடங்கிய ஒரு கையாக அது இருந்திருக்கிறது. அந்தப் பெரியவர் ஒருவரே படத்தில் இருப்பவர்களில் ஐந்து பேரின் பெயரைச் சொன்னார். நான் அடுத்த முறை போவதற்குள் அவர் காலமாகிவிட்டார். என்னிடம் இருப்பது நாற்பது நிமிடக் குரல் பதிவு.

அதற்குப் பிறகுதான் எனக்கு அவசரம் புரிந்தது. படத்தின் வெள்ளி இன்னும் நூறு வருடம் தாங்கலாம், பெயர் தெரிந்தவருக்கு வயது தொண்ணூறு. ஸ்கேன் செய்வதை ஆறு மாதம் நிறுத்திவிட்டு, ஞாயிறுதோறும் தாள்களோடு போய்க்கொண்டிருந்தேன். பொன்மலைச் சந்தையும் ஞாயிற்றுக்கிழமைதான். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பழைய குடும்பத்தார் அங்கே வருவார்கள், ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பிவைப்பார். ஒரு பெயரை இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் மட்டும் உறுதி என்று எழுதினேன். ஒருவர் மட்டும் சொன்னால் பக்கத்தில் கேள்விக்குறியும் சொன்னவர் யார் என்பதும். யாரோ பெயரை யாருக்கோ வைத்துவிடுவது, பெயரில்லாமல் விடுவதைவிடப் பெரிய பிழை.

கோப்புகளை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். என் கணினி, ஒரு ஹார்ட் டிஸ்க், பெங்களூரில் தம்பி வீட்டில் இன்னொரு ஹார்ட் டிஸ்க். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு அந்த ஹார்ட் டிஸ்க்கையும் பூஜையில் வைத்து, மறுநாள் இயக்கி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மூடுவேன். தாத்தாவின் பட்டறை நாளோடு சேர்ந்துவிட்டதால் மறப்பதே இல்லை. படத்துக்குச் செயலிகளில் வண்ணம் ஏற்றிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். தடுக்கவில்லை, ஆனால் கோப்பின் பெயரிலேயே "வண்ணம் பின்னால் ஏற்றியது" என்று சேர்த்துவிடச் சொன்னேன். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை பாட்டியின் புடவை பச்சை என்றே நம்பும். அது அரக்கு என்று அத்தைக்குத் தெரியும்.

வீட்டில் வைத்துக் காக்க முடியாதவர்கள் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு கடிதமாவது எழுதிப் பார்க்க வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப் பொருள்களைப் பல பத்தாண்டுகளாகச் சேகரித்து வருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் கீழ் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே அசலை வாங்கிக்கொள்ளாவிட்டாலும், வழி சொல்லக்கூடியவர்கள் இருப்பார்கள்.

பதினெட்டில் பதினொரு பேருக்கு இதுவரை பெயர் கிடைத்துவிட்டது. அதில் ஒருவர் கடைசி வரிசையின் இடது ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறார். கலாசி, அதாவது பட்டறையில் உதவியாள். மற்ற மூன்று அட்டைகளில் அவர் இல்லை, பெயர் அச்சான பட்டியல்களிலும் இல்லை. ஆனால் தாத்தாவின் ஆயுத பூஜை நெகட்டிவ் ஒன்றில் முழு உருவமாக, கையில் பூசணிக்காயோடு எஞ்சினுக்கு முன்னால் நிற்கிறார். சந்தையில் கீரை விற்கும் அம்மா ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்க மாமனாரு மாதிரி இருக்கே" என்று தன் கணவரைக் கூட்டிவந்தார்.

அவருக்கு எழுபது வயதிருக்கும். அப்பா இறந்தபோது மூன்று வயது. வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை, ஸ்டூடியோவுக்குப் போக வசதியும் இல்லை, சாவுக்குப் பிறகு எடுக்கும் வழக்கப் படமும் எடுக்கவில்லை. "அம்மா சொல்லும், உனக்கு அப்பன் காதுன்னு. நான் பார்த்ததே இல்ல." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் அந்தக் காதைப் பார்த்து, இவர் காதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தோளில் கை வைத்தார். இன்னொரு பெரியவரிடமும் காட்டி உறுதிசெய்துகொண்டேன்.

முகத்தை மட்டும் பெரிதாக்கி, பின்னணியை நீக்கி, சாமி படங்களோடு மாட்டும்படி ஒரு பிரேம் செய்து தருவதாகச் சொன்னேன். அதுதான் அவருக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

"தனியா வேண்டாம்மா. எஞ்சினோடயே குடுங்க."

அடுத்த ஞாயிறு எட்டுக்கு எட்டு அங்குலத்தில் முழு நெகட்டிவையும் ஓரம் வெட்டாமல் அச்செடுத்துக் கொண்டுபோனேன். சாக்கை விரித்துக் கீரைக்கட்டுகளை ஒதுக்கி, ஒரு அட்டையை வைத்து, படத்தைக் கவிழ்த்துவைத்தோம். பென்சிலை அவரிடம் நீட்டினேன். எழுத வராது என்றார். அவர் சொல்லச் சொல்ல, அப்பாவின் பெயர், அவருக்கு அப்பாவின் பெயர், ஊர், கலாசி, பொன்மலை என்று நான் எழுதினேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டார்.